அம்மாவை அழ விட்டது அத்தைதான்

போன வாரம் காட்பாடியில் ஒரு துக்க வீடு. இறந்தவருக்கு வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். ஃப்ரீசர் பாக்ஸ் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு மூத்த மகள் கத்திக் கத்தி அழுதாள். பின்னால் இருந்து ஒரு அம்மா வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்து, காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "போதும் கண்ணு, வெளியாளுங்க பாக்கறாங்க. சாட்சி கெட்டுப்போகும்."

அந்தப் பெண் டக்கென்று நிறுத்திவிட்டாள். குழாயை மூடின மாதிரி.

சாட்சி என்ற சொல்லை இப்படியும் பயன்படுத்தலாம் என்று நம் சபைகளில்தான் கற்றுக்கொள்ள முடியும். விசுவாசி நடந்துகொள்வதைப் பார்த்து ஊர் கிறிஸ்துவை எடைபோடும், அதைத்தான் சபையில் சாட்சி என்பார்கள். அப்பன் செத்ததற்கு மகள் அழுதால் கிறிஸ்துவுக்கு என்ன சாட்சி கெட்டுப்போகும்? அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அப்பாவுக்குத் தோட்டப்பாளையத்தில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவது, பெண்டு எடுப்பது, ஸ்கூல் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் காற்றடித்து விடுவது. கடைசி இரண்டு வருஷம் நுரையீரல் கெட்டு, மாடி ஏறவே முடியாமல் கஷ்டப்பட்டார். ஒரு மே மாதம் போய்ச் சேர்ந்தார். வேலூர் வெயில் தெரியுமே, பந்தல் போட்டும் அனல் அடித்தது.

அம்மா முதலில் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணி வாக்கில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், தலையை ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். அம்மா பிறந்த ஊரில் பெண்களுக்கு ஒப்பாரி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அதுவாக வரும்.

"ஊருக்கெல்லாம் காத்தடிச்ச கையி – என் ராசாவே
ஒனக்கு ஒரு மூச்சுக் காத்தடிக்க ஆளில்லியே
கோணின சக்கரத்த நிமித்தி வெச்ச கையி – இப்ப
என் வண்டி கோணிப்போச்சே, யாரு நிமித்துவா?"

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் வாயிலிருந்துதான் அப்படிப்பட்ட வரி வரும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது அடி எடுப்பதற்குள் சபைப் பெரியவர் ஒருவர் வந்துவிட்டார். நல்ல மனுஷன், ஆஸ்பத்திரிக்கு ராத்திரி எல்லாம் துணைக்கு வந்தவர். "அம்மா, ஸ்தோத்திரம் சொல்லுங்க. அவிசுவாசிங்க மாதிரி ஒப்பாரி வைக்கக் கூடாது" என்றார். உடனே பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டெடுத்தார்கள், சத்தமாக. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் சபைப் போதகர் ஐயர் "மண்ணுக்கு மண்ணும் சாம்பலுக்குச் சாம்பலும்" என்று சொல்ல, எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். அம்மா போட்டாள். அழவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் இரண்டு மாதம் அழவில்லை. "எவ்வளவு விசுவாசம் பாருங்க" என்று சபையில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் என்ன நடந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. ஜெபம் பண்ணச் சொன்னால் "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்து அதோடு நின்றுவிடுவாள். வேதாகமம் மடியில் திறந்தபடி இருக்கும், பக்கம் திரும்பாது.

ஒப்பாரியை நிறுத்துகிறவர்கள் கையில் எடுப்பது 1 தெசலோனிக்கேயர் 4:13. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" என்று வருகிற வசனம். அதை நிதானமாகப் படியுங்கள். துக்கப்படாதே என்று அதை எழுதின பவுல் எங்கே சொல்கிறார்? நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கப்படாதே என்கிறார். துக்கம் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார். அந்த அதிகாரம் முடிவதும் "ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான், அடக்குங்கள் என்று இல்லை.

லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டதை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை அடக்கம்பண்ணின தேவபக்தியுள்ள மனுஷர் அவனுக்காகப் பெரிதாகத் துக்கம் கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8-ல் இருக்கிறது. அவன் வானம் திறந்திருப்பதைக் கண்டுகொண்டே செத்தவன். அவன் எங்கே போனான் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இருந்திருக்காது. அப்படியும் அழுதார்கள். எரேமியா 9-ல் கர்த்தரே புலம்பற்காரிகளைக் கூப்பிடச் சொல்கிறார், அதாவது நம் ஊர் ஒப்பாரிக்காரிகளை. இதைப் பிரசங்கத்தில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

அப்புறம் வேதாகமத்தில் இருக்கிற புலம்பல் புத்தகம். பேரே புலம்பல். ஐந்து அதிகாரம். எருசலேம் என்ற ஊரே செத்துப்போனதற்கு வைத்த ஒப்பாரி. முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்து வரிசையில், நம் ஆத்திசூடி அகர வரிசையில் போகிற மாதிரி, கட்டப்பட்டவை. நடுவில் இருக்கிற மூன்றாம் அதிகாரத்துக்கு மட்டும் 66 வசனம், மற்ற நான்குக்கும் தலைக்கு 22. அந்த மூன்றாம் அதிகாரத்தில்தான் நாம் காலண்டரிலும் ஆட்டோ முதுகிலும் எழுதி வைத்திருக்கிற வசனம் இருக்கிறது: "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்."

அதற்குச் சில வசனம் முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? கடவுள் பருக்கைக் கற்களால் என் பல்லை நொறுக்கினார் என்று இருக்கிறது. அதை எந்தக் காலண்டரிலும் பார்க்க முடியாது. நம்பிக்கை வசனம் ஒப்பாரிக்கு நட்டநடுவில் வருகிறது. வந்த பிறகும் ஒப்பாரி நிற்கவில்லை, மறுபடி அழுகை, மறுபடி முறையீடு, இன்னும் இரண்டு அதிகாரம். எங்களை ஒரேயடியாக வெறுத்துவிட்டீரா என்கிற மாதிரிதான் கடைசி வசனமே முடிகிறது. நாம் என்ன செய்கிறோம் என்றால், முன்னும் பின்னும் இருக்கிற அழுகையை வெட்டிவிட்டு நடுவில் இருக்கிற இரண்டு வசனத்தை மட்டும் வாட்ஸப்பில் ரோஜாப்பூ படத்தோடு அனுப்புகிறோம். அப்பா போன அன்றைக்கு எனக்கே அந்த வசனம் ஒன்பது பேரிடமிருந்து வந்தது. அனுப்பினவர்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் ஒன்பதில் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

இந்த அடக்கும் பழக்கம் நேற்று வந்தது இல்லை. 387-ல், பிற்பாடு பிஷப்பான அகுஸ்தீனின் தாய் மோனிக்கா ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தபோது, அகுஸ்தீனின் மகன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அழுதான். சுற்றி இருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். அகுஸ்தீனும் கண்ணீரை விழுங்கிக்கொண்டார். குளித்தால் துக்கம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டுக் குளித்தும் பார்த்தார். குறையவில்லை. தூங்கி எழுந்து தனியாகப் படுத்திருந்தபோதுதான் அழுதார். இதை எல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய வேத அறிஞர்! அவருக்கே அழுவதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் அக்கா குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் சபை, பாதிப் பேர் கோயில். அத்தை கோயில். கால் எலும்பு உடைந்து மாவுக்கட்டில் கிடந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. கட்டு பிரித்த கையோடு, ஒரு மதியம், பேரனைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். வாசலிலேயே நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னாமே, கல்லு மாதிரி குந்திக்கினு கீற?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு எடுத்தாள் பாருங்கள். "பொங்க சீரு தூக்கிக்கினு சைக்கிள்ல வருவியே என் தம்பி, இனிமே எந்தப் பக்கம் மணியோச கேப்பேன்" என்று. இரண்டாவது வரியில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்தாள். சைக்கிள் கடை, கடன் வாங்கி வாங்கின கம்ப்ரசர், தங்கச்சி கல்யாணம், ஆக்சிஜன் சிலிண்டர், எல்லாம் பாட்டில் வந்தது. பெரியவர் நிறுத்தின அந்தக் காற்றடித்த கையும் வந்தது. முக்கால் மணி நேரம் இருக்கும். பக்கத்து வீட்டு பாய் அம்மா மதில் ஓரம் வந்து நின்று அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குதுடா, சோறு இருக்குதா?" என்றாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவள் குரல் கேட்டது. முழு ஜெபம். ஆமென் வரைக்கும். காலையில் கேட்டேன். "இப்பதான் வாய் வந்துச்சு" என்றாள்.

பவுல் சொன்ன "மற்றவர்கள்" கணக்கில்தான் எங்கள் சபை அத்தையை வைக்கும். அந்த மற்றவள் வந்துதான் அம்மாவுக்கு ஜெபிக்கிற வாயைத் திறந்துவிட்டாள். இதை எந்தச் சாட்சிக் கூட்டத்தில் சொல்வது?

நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடம் வரும்போது, அப்பாவின் வலது கட்டைவிரலை நினைத்துக்கொள்வேன். ஸ்போக் கிழித்த தழும்பு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் கறுப்பு. உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு இருந்ததே, அதைத் தோமாவுக்குக் காட்டினாரே. அப்படியானால் அந்தக் கட்டைவிரலும் தழும்போடு வரும் என்று நம்புகிறேன். சில ஞாயிறுகளில் வாய் மட்டும் சொல்லும், மனசு எங்கேயோ இருக்கும். அதையும் மறைக்க விரும்பவில்லை.

அம்மாவுக்குக் கண்புரை, ஆரணி ரோட்டில் ஷெல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயதில் அதைப் பெட்ரோல் கம்பெனிக்காரன் கட்டினது என்று நினைத்திருந்தேன். விஷயம் வேறு. நியூயார்க்கில் ராபர்ட் ஷெல் என்ற வங்கிக்காரர், செத்துப்போன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதில் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா கட்டினதுதான் 1902-ல் திறந்த அந்த ஆஸ்பத்திரி. ஸ்கடர் அம்மாவே 1900-ல் வேலூர் வந்த கொஞ்ச மாதத்தில் தன் அப்பாவைப் பறிகொடுத்தவர். வரிசையில் உட்கார்ந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பொண்டாட்டிக்காகவா?" என்று கேட்டுவிட்டு, சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 2-ம் தேதி, கல்லறைத் திருநாள் அன்றைக்கு, கல்லறைக்குப் போனோம். சாமந்தி மாலை, மெழுகுவத்தி. சுற்றி எல்லாக் குடும்பங்களும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா கல்லறை மேல் கையை வைத்து, மெல்லிய குரலில், அவளுடைய காற்றடித்த கைப் பாட்டை எடுத்தாள். இந்தத் தடவை யாரும் வரவில்லை. வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் தயாராகத்தான் நின்றேன். இரண்டாவது அடியில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடகடவென்று போனது. அம்மா பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"செயின் லூசா கீது. அந்தப் புள்ளைகிட்ட யாருனா சொல்லுங்கடா" என்றாள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்தாள்.