நோட்டரி கையெழுத்து போதாதுங்க

குழந்தை பேரை மாத்துறது பத்தி இணையத்துல ஒருத்தர், "20 ரூபாய் பத்திரத்துல நோட்டரி கையெழுத்து, பேப்பர்ல ஒரு விளம்பரம், குழந்தை பேரு மாறிடும்"னு எழுதியிருக்கார். தமிழ்நாட்டுல அது போதாதுங்க. பெயர் மாற்றம் அரசிதழ்ல, அதாவது கெஜட்ல வரணும். அதை வெளியிடுறது எழுதுபொருள் அச்சுத்துறை. 18 வயசு ஆகாத பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ கார்டியனோ விண்ணப்பிக்கணும். இனிஷியல் மாத்தணும்னாலும் இதே வழிதான்.

ஆனா அதுக்கு முன்னாடி பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்க. நிறைய பேருக்குப் பெயர் கட்டம் காலியா இருக்கும், ஆஸ்பத்திரியில பதியும்போது பேரே வெச்சிருக்க மாட்டோமே! அப்படின்னா இது பெயர் மாற்றமே இல்லை, பெயர் சேர்ப்பு. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 14வது பிரிவு. பதிவு செஞ்ச 12 மாசத்துக்குள்ள இலவசம், அப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். எங்க அக்கா பொண்ணுக்கு இதைத்தான் செஞ்சோம். அதுக்குள்ள ஒரு புரோக்கர் "கெஜட் போட்டே ஆகணும்"னு பணம் கேட்டுட்டு நின்னார்.

ஒருதடவை சேர்த்த பேரை அப்புறம் மாத்துறது லேசு இல்லை. நியூமராலஜிக்கு ஒரு எழுத்து கூட்டணும்னா சேர்க்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.