யோசியை ராசியில்லாதவர் என்ற தம்பிக்கு

எந்தப் பதிவு, யார் எழுதியது என்று சொல்லப்போவதில்லை. இரண்டு நாள்களாக நீங்கள் எல்லோரும் அதன் கீழேதான் குடியிருக்கிறீர்கள். சுவிஸ் ஐஸ் ஹொக்கித் தடுப்பாட்டக்காரர் ரோமன் யோசியின் படம். மேலே ‘நான்கு இறுதியாட்டம், நான்கு தோல்வி, ராசியில்லாத மனிதர்’ என்று ஒரு வரி. அதற்கு அவ்வளவு சிரிப்பு. சிரித்தவர்கள் பட்டியலில் என் மைத்துனரின் பெயரும் இருந்தது. இருக்கட்டும்.

பெயரிலேயே ‘யோசி’ என்று இருக்கிறது. எழுதுவதற்கு முன் அதையாவது செய்திருக்கலாம்.

தம்பி பேர்ணில் பிறந்தவர். யோசியும் இதே ஊரில் 1990 இல் பிறந்தவர்தான். பதினாறு வயதில் ஊர் ஹொக்கிக் கழகமான எஸ்.சி. பேர்ணின் முதல் அணிக்கு வந்துவிட்டார். நான் அப்போது அந்த அரங்கில் ஆட்டம் முடிந்தபின் பியர்க் குவளை பொறுக்கும் வேலையில் இருந்தேன். பல்லாயிரம் பேர் நின்றபடியே பார்க்கும் அந்தப் பெரிய படிக்கட்டைத் துப்பரவாக்கியவனுக்குத்தான் தெரியும், பேர்ண்காரர் எவ்வளவு குடிப்பார்கள் என்று. 2010 இல் ஜெனீவாவை ஏழாவது ஆட்டத்தில் வென்று பேர்ண் சுவிஸ் சாம்பியன் ஆனபோது அந்த அணியில் யோசி இருந்தார். ஆக, ‘ஒன்றுமே வெல்லாதவர்’ என்று கீழே ஒருவர் எழுதியது முதலில் பொய். ராசிக் கணக்கை அதற்குப் பிறகு பார்ப்போம்.

இனி அந்த நான்கு இறுதியாட்டங்கள். 2013 க்கு முன்னால் உலக ஐஸ் ஹொக்கி சாம்பியன்ஷிப்பில் சுவிஸ் கடைசியாகப் பதக்கம் வாங்கியது எப்போது? 1953 இல், வெண்கலம். அறுபது வருடம் வெறுங்கை. அந்த அணிதான் 2013 இல் ஸ்டொக்ஹோமில் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்றது. பத்தாவது இறுதியாட்டம், சுவீடனுடன், அவர்களுடைய மண்ணில். முதல் கோலை அடித்தவர் யோசி. பிறகு 5-1 என்று தோற்றோம், மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் தடுப்பாட்டக்காரருக்குப் போனது. ஒன்பது வெற்றிக்கும் இல்லாத ராசி பத்தாவது ஆட்டத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

2018 இல் மறுபடியும் சுவீடன். மேலதிக நேரத்திலும் முடிவில்லை, தனித்தனியாக அடிக்கும் பெனால்டியில் போனது. தீர்மானித்த கோலை அடித்த பிலிப் போர்ஸ்பெர்க், அமெரிக்காவின் நாஷ்வில் அணியில் யோசியோடு ஒரே அறையில் உடை மாற்றுபவர். 2024 இல் பிராகாவில் செக் அணியிடம் 2-0.

2017 தான் எனக்கு இன்னும் ஆறாதது. வட அமெரிக்க ஹொக்கி லீக்கான என்.எச்.எல். இன் ஸ்டான்லி கோப்பை இறுதி, முதலில் நான்கு வெல்பவருக்குக் கோப்பை. ஆறாவது ஆட்டம், கோல் இல்லாத நிலை. நாஷ்வில் அடித்த ரப்பர் வட்டு வலைக்குள் போய்விட்டது. ஆனால் வட்டு கண்ணில் படவில்லை என்று நடுவர் அதற்குள் விசில் ஊதிவிட்டார். கோல் செல்லாது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது எதிரணியான பிட்ஸ்பர்க் அடித்தது, எல்லாம் முடிந்தது. ‘இதைத்தானே ராசி என்கிறோம்’ என்று மைத்துனர் தொலைபேசியில் கேட்டார். இல்லை ஐயா. ராசி என்றால் ஆளோடு ஒட்டிப் பிறந்தது என்று அர்த்தம். விசில் நடுவரின் வாயில் இருந்தது.

‘ஆண்டுக்கு 90 இலட்சம் டொலர் வாங்குகிறவருக்கு நீங்கள் ஏன் அழுகிறீர்கள் அண்ணை?’ என்று இன்னொருவர். சரியாகச் சொன்னால் 90 இலட்சத்து 59 ஆயிரம். அந்த 59 அவரது சட்டை எண். சம்பளம் வாங்கினால் யாரும் என்னவும் சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறதா?

‘2017 முதல் அவர் அணித்தலைவர், நாஷ்வில் என்ன கிழித்தது?’ சரி. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அடுத்தது.

‘தடுப்பாட்டக்காரர் கோலைத் தடுத்தால் போதாதா?’ என்று கேட்டவருக்கு: 2020 இல் என்.எச்.எல். இன் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையை வாங்கிய முதல் சுவிஸ்காரர் இவர். 2021-22 இல் 80 ஆட்டங்களில் 23 கோல், 73 உதவி, மொத்தம் 96 புள்ளிகள். ஒரு தடுப்பாட்டக்காரர் அவ்வளவு எடுத்து ஏறத்தாழ முப்பது வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் அதே நோரிஸ் கோப்பைக்கு முதலிடத்துக்கான வாக்குகள் யோசிக்கு 98, இன்னொரு தடுப்பாட்டக்காரரான கேல் மகாருக்கு 92. ஆனாலும் இரண்டாம், மூன்றாம் இடத்து வாக்குகளையும் கூட்டிப் பார்த்தபோது கோப்பை மகாருக்குப் போனது. இதையும் உங்கள் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வசதியாக இருக்கும்.

2025 பெப்ரவரியில் யோசி தலையில் அடிபட்டுப் படுத்தார். எழுந்து நின்றாலே இதயம் தாறுமாறாக அடித்துத் தலை சுற்றும் ஒரு நோய் என்று ஜூனில் வெளியே சொன்னார்கள். ஓர் ஆட்டத்தில் இருபத்தைந்து நிமிடம் சறுக்குவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு நிற்பதே பாடு. 35 வயது. போதும் என்று வீட்டில் இருந்திருக்கலாம். அந்த இலையுதிர்காலமே திரும்பப் பனியில் இறங்கினார். தம்பியின் பதிவில் இதைப் பற்றி ஒரு சொல் உண்டா?

‘ஒரு பகிடிக்கு எழுதினான், விடுங்கள்’ என்று பலர் உள்பெட்டியில் சொன்னீர்கள். விட்டிருப்பேன், சொல் வேறாக இருந்திருந்தால். தோற்றார் என்று எழுதியிருக்கலாம், கோட்டை விட்டார் என்றுகூட எழுதியிருக்கலாம்.

2012 இல் நான் ஒரு மரக்கறிக் கடை தொடங்கியது உங்களில் சிலருக்குத் தெரியும். 2013 இறுதியாட்டத்தை, கடை பூட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளே அழுகிய வெங்காயத்தைப் பிரித்துக்கொண்டே சின்னத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பதினான்கு மாதத்தில் கடை போனது. வாடகை, விமானத்தில் வந்து இறங்கும்போதே வாடியிருந்த முருங்கைக்காய், நிறைந்துபோன கடன் கொப்பி. காரணம் இவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து உறவினர் ஒருவர் கடை திறந்தார். சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் ஒரு கட்டிச் சர்க்கரையை எடுத்துக்கொண்டு இருபது பிராங்கை நீட்டினேன். ‘கொஞ்சம் பொறுங்கள் அண்ணை, முதல் வியாபாரத்தை அவர் செய்யட்டும்’ என்று சிரித்துக்கொண்டே எனக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினார். அவர் கைராசிக்காரராம். என் மகள் பக்கத்தில்தான் நின்றாள். வீட்டுக்குப் போகும் வழியில் ‘அப்பா, அவர் ஏன் உங்கள் காசை வாங்கவில்லை?’ என்று கேட்டாள். சில்லறை இல்லையாம் என்றேன்.

அந்த உறவினரும் நேற்றுச் சிரித்திருந்தார். நாளை காலை ஐந்து மணிக்கு வேலை. கீழே சண்டைக்கு வருகிறவர்களுக்கு மாலையில்தான் பதில் எழுதுவேன்.