ஹாஃப்வே ஹவுசில் சேர்த்தால் போதுமா?

"மகன் போதைப்பொருள் எடுத்தால் மருத்துவமனை வேண்டாம், நேராக ஹாஃப்வே ஹவுசில் சேருங்கள், சிஎன்பிக்குத் தெரியாது" என்று சிங்கப்பூரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. (ஹாஃப்வே ஹவுஸ் என்பது மறுவாழ்வுக்கான இடைநிலை இல்லம்; சிஎன்பி என்பது மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு.)

இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் 'ஆசிரமம்' போன்ற இந்த இல்லங்கள் பெரும்பாலும் தண்டனையின் கடைசிக் கட்டத்துக்கானவை. யாரை அனுப்புவது என்பது சிறைத்துறையின் முடிவு. தாமாக வருபவரை ஏற்கும் இல்லங்களும் சில உண்டு, போன் செய்து கேளுங்கள். ஆனால் அங்கே சேர்வதால் சட்டம் விலகிவிடாது.

மருத்துவமனையைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து. நெடுநாள் தூக்கமாத்திரையோ மதுவோ எடுத்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஹெராயினைச் சில வாரம் விட்டவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம்.

மனநலக் கழகத்தின் போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவை 6732 6837-இல் அழைக்கலாம். டாக்டர் 7 நாளுக்குள் சிஎன்பிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மைதான், தெரிந்தே போங்கள்.