ஷோர்டிச் கிளப்களும் இரவு ரயிலும்

வெள்ளி, சனி இரவு லண்டனின் டியூப் (சுரங்க ரயில்) விடிய விடிய ஓடும், எனவே கிழக்கு லண்டனின் ஷோர்டிச் கிளப்களிலிருந்து வீடு திரும்பக் கவலையில்லை என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2016இல் வந்த இரவு டியூப் ஐந்து தடங்களில் மட்டுமே. நார்தர்ன் லைனிலும் நகர நடுவில் சாரிங் கிராஸ் கிளை வழியாகத்தான். ஷோர்டிச் கூட்டம் தேடிப்போகும் ஓல்டு ஸ்ட்ரீட் நிலையமோ அதன் இன்னொரு கிளையான பேங்க் கிளையில்! பூட்டிய கேட்டில் நிற்காமல் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து சென்ட்ரல் லைனைப் பிடியுங்கள். சவுத் ஹாரோ, ரெயினர்ஸ் லேன் நம்மவர்கள் கவனிக்க: பிக்காடில்லி லைன் இரவு ரயில் உங்கள் அக்ஸ்பிரிட்ஜ் கிளைக்குள் நுழையாது. ஈஸ்ட் ஹாமுக்கும் இரவு டியூப் கிடையாது. மிச்சம் இரவுப் பேருந்துதான்; அதில் ரொக்கமாகக் காசு வாங்கமாட்டார்கள், கார்டோ போனோ தொட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பேருந்தில் ஏறினால் அதே கார்டைத் தொடுங்கள், மறுகட்டணம் விழாது. ஒன்றில் கார்டு, அடுத்ததில் போன் என்றால் இரண்டு கட்டணம்.