கீறல் இல்லை என்றால் ஆயிற்றா?

"மின்ட் கண்டிஷன். ஒரு கீறல்கூடக் கிடையாது. அதிகம் எடுக்கவே இல்லை, பீரோவிலேயே இருந்தது. ஷட்டர் கவுண்ட் ரொம்பக் கம்மி." பழைய ஃபுல் ஃப்ரேம் பாடியோ (படம் பதியும் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர் உள்ள கேமரா, லென்ஸ் இல்லாமல்) லென்ஸோ விளம்பரங்களில் தேடி உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப இதே நான்கு வரிதான். கூடவே மேசைமேல் வைத்து எடுத்த ஆறு படம். ஆறும் வெளித்தோல். லென்ஸுக்குள் டார்ச் அடித்துக் காட்டிய படம் ஒன்று இருக்காது, அந்தக் கேமராவில் எடுத்த ஒரிஜினல் ஃபைல் ஒன்று இருக்காது. எண்ணி எண்ணிச் சேர்த்த காசோடு வருகிறவனுக்கு எது தெரிய வேண்டுமோ அது மட்டும் விளம்பரத்தில் இருக்காது. வயிறு எரிகிறது.

பீரோவிலேயே இருந்ததாம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள். லென்ஸைக் கெடுக்க அதுவே போதும். இருட்டு, அசையாத காற்று, பைக்குள் தங்கிய ஈரம்: பூஞ்சை பிடிக்க இவ்வளவுதான் வேண்டும். முதலில் உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஓரிரண்டு இழை. பிறகு கிளை விட்டு நடுவுக்கு வரும். அது கக்கும் அமிலம் கண்ணாடிமேல் இருக்கும் கோட்டிங்கை அரித்துவிட்டால், பிரித்துத் துடைத்தாலும் தடம் போகாது. நாள்தோறும் வெயிலில் அலைந்து, வெளியே பெயின்ட் தேய்ந்து, பித்தளை தெரிகிற லென்ஸ் உள்ளே பளிங்காக இருக்கலாம். தொடாமல் வைத்த லென்ஸுக்குள் காடு முளைத்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும், போன் டார்ச்சே போதும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை அடித்து, முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. பிறகு முன்னாலிருந்து அடித்துப் பின்னால் பாருங்கள். அப்பர்ச்சர், அதாவது வெளிச்சத்தை அளந்து விடும் இதழ்களின் துளை, முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கண்ணாடி மறைந்துபோகும். கேனான் இஎஃப் லென்ஸ் கழற்றினாலும் திறந்தேதான் இருக்கும். நிகானின் பழைய எஃப் மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) ஜி வகை லென்ஸ் கழற்றியதும் மூடிக்கொள்ளும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோக நெம்பை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். தள்ளும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம்: விட்டதும் இதழ்கள் சட்டென்று மூடுகின்றனவா, சோம்பலாக நகர்கின்றனவா? மெதுவாக நகர்ந்தால் இதழ்களில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. படம் எடுக்கும் நொடிக்குள் அப்பர்ச்சர் மூடி முடிக்காது, f/8, f/11 என்று துளையைச் சுருக்கி எடுக்கும் படமெல்லாம் அளவுக்கு மீறி வெளுத்து வரும். திறந்த அப்பர்ச்சரில் மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

இழையைக் காட்டிக் கேட்டால் "அது தூசிதான் ப்ரோ" என்பார்கள். தூசி தனித்தனிப் புள்ளியாக இருக்கும், கிளை விடாது. உள்ளே நாலைந்து தூசி இருப்பதால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, அதற்காக நல்ல லென்ஸை விட்டுவிடாதீர்கள். முன்கண்ணாடியில் மயிரிழைக் கீறல் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் படத்தில் தெரியாது, விலையைக் குறைக்க அது உங்களுக்குத்தான் உதவும். பின்கண்ணாடியில் கீறல் என்றால் யோசியுங்கள். கண்ணாடி முழுக்க மெல்லிய பால் பூசியதுபோல் மங்கல் தெரிந்தால் வேண்டாம். எதிர்வெயிலில் எடுக்கும் ஒவ்வொரு படமும் சாம்பல் பூத்தே வரும்.

அடுத்து ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற எண்ணிக்கை. இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஏமாற்று சொல்லி மாளாது. நிகான் பாடி தன் எண்ணிக்கையைப் படத்தோடு சேர்த்தே எழுதி வைக்கிறது. எடிட் செய்யாத ஃபைலை எக்சிஃப்டூல் போன்ற மென்பொருளில் திறந்தால் வந்துவிடும். மெசேஜ் ஆப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும், ஃபைலாகவே கேட்டு வாங்குங்கள். கேனானில் பெரும்பாலான மாடல்கள் ஜேபெக்கில் எண்ணிக்கையை எழுதுவதில்லை, யுஎஸ்பி வயர் போட்டுத்தான் படிக்க வேண்டும். இது தெரிந்தே சில பேர் ஃபைல் பெயரில் இருக்கும் நான்கிலக்க எண்ணைக் காட்டி "பாருங்க, மூவாயிரம்தான்" என்கிறார்கள். அந்த எண் 9999 போனதும் மறுபடி 0001. மூவாயிரம் என்பது பதின்மூவாயிரமாகவும் இருக்கலாம், தொண்ணூற்று மூவாயிரமாகவும் இருக்கலாம். வாய் கூசாமல் எப்படித்தான் சொல்கிறார்களோ!

உண்மையான எண்ணே கிடைத்தாலும் அது முழுக்கதை சொல்லாது. கேனான் 6டி-யின் ஷட்டர் 1,00,000 முறைக்கும், நிகான் டி750-யினுடையது 1,50,000 முறைக்கும், சோனி ஏ7 III-யினுடையது 2,00,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்பே போகவும் செய்யும். வீடியோவுக்கே வாங்கிய பாடியில் ஷட்டர் எண் சின்னதாக இருக்கும், ஆனால் சென்சார் மணிக்கணக்கில் சூடேறி உழைத்திருக்கும். சைலன்ட் ஷட்டரில் எடுத்த படங்களுக்கு மெக்கானிக்கல் ஷட்டர் அசைவதே இல்லை. எண்பதாயிரம் ஓடிய, ஒழுங்காகப் பராமரித்த 6டி-யைத் தள்ளிவிட்டு, எட்டாயிரம் ஓடி ஈரத்தில் கிடந்த ஒன்றை அதிக விலைக்கு வாங்கும்படி இந்த ஒற்றை எண் மக்களைப் பிடித்து ஆட்டுகிறது.

சென்சாரைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் f/16, மேனுவல் ஃபோகஸில் வைத்துக் குவியத்தைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ ஒரு படம். கை ஆடினாலும் பரவாயில்லை, சென்சாரில் இருப்பது ஆடாது. படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்துங்கள். f/2.8-இல் எடுத்துக் காட்டி "சுத்தமா இருக்கு" என்பவரை நம்ப வேண்டாம், அந்த அப்பர்ச்சரில் தூசி கரைந்து மறைந்துவிடும். மங்கலான உருண்டைப் புள்ளி தூசி, ப்ளோயரில் ஊதினால் பெரும்பாலும் போகும். படத்தில் மேலே தெரிந்தால் அது சென்சாரில் கீழே இருக்கும். நடு வெளிர்ந்து விளிம்பு கருத்த வட்டம் எண்ணெய், அதற்கு ஈரத் துடைப்பு வேண்டும். துடைத்தும் போகாத கூர்மையான கோடு சென்சாரை மூடிய ஃபில்டர் கண்ணாடியின் கீறல், அந்தப் பாடி வேண்டாம். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்து, 30 வினாடி ஒரு படம். அங்கங்கே சில வண்ணப் புள்ளிகள் எந்தக் கேமராவிலும் வரும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு விழுந்தால், லேசர் ஒளி பட்டு எரிந்த சென்சாராக இருக்கக்கூடும். திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நிகான் டி600 விஷயத்தில் இன்னும் கோபம் வருகிறது. 2012-இல் வந்த 24 மெகாபிக்சல் பாடி, படம் அருமையாக இருக்கும், பழையதில் மலிவாகவும் கிடைக்கும். மலிவுக்குக் காரணம் உண்டு. துடைத்தாலும் திரும்பத் திரும்பச் சென்சாரில், குறிப்பாகப் படத்தின் இடது மேல்பக்கம், புள்ளி விழும். 2014-இல் நிகானே ஷட்டர் முதலிய பாகங்களை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. மாற்றிய டி600 என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் மாற்றியதா இல்லையா என்று விற்கிறவர் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. கேட்டால் "தெரியாது". டி750-க்கும் ஷட்டர் கோளாறுக்காகச் சீரியல் எண் வாரியாகச் சர்வீஸ் அறிவிப்பு 2015-இலேயே வந்தது. 2005-இல் வந்த முதல் கேனான் 5டி-யில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் மிரர் கழன்று விழும் பழுது ஊரறிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விற்பதும் பொய்தான்.

லென்ஸில் இப்படி ஒன்று கேனான் 24-105 f/4 எல், முதல் பதிப்பு. பாடியோடு சேர்த்துக் கிட் லென்ஸாக ஏராளமாக விற்றதால் பழையதில் எங்கும் கிடைக்கும், நல்ல லென்ஸும்கூட. அதன் அப்பர்ச்சருக்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிள் ஜூம் செய்யச் செய்ய மடங்கி மடங்கி ஒருநாள் அறுந்துபோகும். அறுந்த பிறகும் f/4-இல் படம் எடுக்கும், ஏனென்றால் அங்கே இதழ்கள் அசையவே வேண்டாம். f/8 வைத்து அழுத்தியதும் எர்ரர் 01. விற்கிறவர் f/4-இலேயே நான்கு படம் எடுத்துக் காட்டிக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் f/8-இல் வைத்து, 24, 35, 50, 70, 105 என்று ஒவ்வோர் இடத்திலும் இரண்டிரண்டு படம் எடுத்துப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் தடுக்கினாலும் கேபிள் போகப்போகிறது என்று பொருள்.

வாங்குகிறவர்களிடமும் சண்டை போட வேண்டியிருக்கிறது. மொத்தக் காசையும் பாடியில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஒரு லென்ஸ் என்று போவது என்ன கணக்கு? ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னதான கிராப் சென்சாரிலிருந்து 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சாருக்கு மாறினால் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேகால் ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). ஜூம் ஆகாத f/1.8 பிரைமை விட்டு f/5.6-இல் முடியும் ஜூமுக்குப் போனால் இழப்பது மூன்று ஸ்டாப்புக்கு மேல். கூட்டிக் கழித்தால் பழைய கிராப் கேமராவே இருட்டில் நன்றாக எடுத்திருக்கும். கையில் இருக்கும் கிராப் லென்ஸே போதும் என்ற நினைப்பும் வேண்டாம். கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. நிகானின் டிஎக்ஸ் லென்ஸ் மாட்டும், ஆனால் 24 மெகாபிக்சலில் நடுவிலுள்ள சுமார் 10 மட்டும் மிஞ்சும். ஒரு தலைமுறை பழைய பாடி, 50 f/1.8, 85 f/1.8: சிக்கனமாகத் தொடங்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. நிகானில் தனக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் இன்னும் மலிவு, டி600, டி700, டி750 பாடிகளில் மோட்டார் இருப்பதால் ஆட்டோ ஃபோகஸ் ஆகும். அதே லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக நிகான் மிரர்லெஸ்ஸில் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும். வாங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்?

இதையெல்லாம் சோதிக்க அரைமணி நேரம் கேட்டால் முகம் மாறுகிறது. "நம்பிக்கை இல்லையா சார்?" நம்பிக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? லென்ஸ் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதற்குச் சுவருக்கு நேராக நின்று, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுக்க வேண்டும். இடது ஓரம் மங்கலாக வந்தால் உடனே லென்ஸைப் பழிக்க வேண்டாம், நாம் கோணலாக நின்றிருக்கலாம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை மறுபடி எடுங்கள். இப்போதும் ஃப்ரேமின் அதே பக்கம் மங்கினால் குற்றம் லென்ஸில் அல்லது மவுன்ட்டில். மங்கல் எதிர்ப்பக்கம் மாறினால் நின்ற விதம் சரியில்லை. சொந்தமாக ஒரு கார்டு கொண்டுபோங்கள், படங்களைக் கணினியில் பார்த்த பிறகுதான் காசு. கார்டு சொருகும் முன் 5டி மார்க் II, டி700 போன்ற சிஎஃப் கார்டு பாடிகளில் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஊசி வரிசையில் ஒன்று வளைந்திருந்தாலும் அந்த ஸ்லாட் போனதுதான், கார்டும் கெடும். பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு, அடித்தட்டுத் திருகில் துரு என்றால் தண்ணீர் புகுந்த பாடி. லென்ஸ் மவுன்ட் திருகின் தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து கூரியரில் வாங்கினால், கடைசியில் பேக்கிங்கில் கெடுக்கிறார்கள். பாடியில் கனமான ஜூமை மாட்டியபடியே ஒரே பெட்டியில் திணித்து அனுப்புகிறார்கள். பெட்டி ஒருமுறை விழுந்தால் லென்ஸின் எடை முழுவதும் அந்த மவுன்ட் வளையத்தில்தான் இறங்கும். வளையம் துளி வளைந்தாலும் மேலே சொன்ன ஓர மங்கல் வந்துவிடும், பேர் மட்டும் "கீறல் இல்லை". கழற்றி அனுப்புங்கள். பாடிக்கு மூடி, லென்ஸுக்கு முன்னும் பின்னும் மூடி, இரண்டையும் தனித்தனியாகச் சுற்றி, நடுவில் அட்டை வைத்து, பெட்டியைக் குலுக்கினால் எதுவும் அசையாதபடி கட்டி அனுப்புங்கள்.