எரித்துவிடலாமாம்!

பழைய கட்சி ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் சொல்லிவருவதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு நண்பர் கிண்டலடித்தார், அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். மைக் கொடுக்கவில்லை. "கலைந்துபோன கம்யூனிஸ்ட் கட்சிகளின் காகிதத்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள், எரித்துவிட்டுப் போங்கள்" என்றார். சிரித்தார்கள். முன்வரிசைத் தோழர்களும் சேர்ந்து சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

எரிப்பது ஒன்றும் புது யோசனை இல்லை, ஐயா. 1959இல் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் தலைவர் ஷெலப்பின் இதையேதான் அப்போதைய சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு எழுதினார். 1940இல் ரஷ்யாவின் காத்தின் காடு உள்ளிட்ட இடங்களில் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக்கொன்ற 21,857 போலந்துக் கைதிகளின் தனிக் கோப்புகளால் வரலாற்றுப் பயன் எதுவும் இல்லை, அழித்துவிடலாம் என்று. அந்தக் கோப்புகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அழிக்கச் சொன்ன குறிப்பு கிடைத்தது! கூடவே, அவர்களைச் சுட ஸ்டாலின் கையெழுத்திட்டு ஒப்புதல் தந்த 1940 மார்ச் 5 ஆவணமும். இரண்டையும் பூட்டிவைத்திருந்தது கட்சியேதான். நாஜிகள் செய்தது என்று பல பத்தாண்டுகள் சாதித்தவர்கள் 1990இல் ஒப்புக்கொண்டார்கள், 1992இல் காகிதமே வெளியே வந்தது. எரித்திருந்தால்?

"கம்யூனிஸ்டுகளைத் திட்ட ஆதாரம் தேடுகிறாயா" என்று இன்பாக்ஸில் ஒருவர். சரி, வீரேந்திரநாத் சட்டோபாத்யாய யார்? சரோஜினி நாயுடுவின் தம்பி, கம்யூனிஸ்ட். 1937இல் சோவியத் அரசே அவரைச் சுட்டுக்கொன்றது. என்ன ஆனார் என்பது நெடுங்காலம் வதந்தியாகவே உலவியது. அவருக்கு நேர்ந்ததைத் தேடி எழுதுவது கம்யூனிஸ்டைத் திட்டுவதா? காகிதம் இல்லையென்றால் கொன்றவன் சொன்னதுதான் மிஞ்சும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கட்சி போகலாம், காகிதம் போகக்கூடாது.

காசு விரயம் என்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சி ஆவணங்களுக்காகக் கூட்டரசு ஆவணக்காப்பகத்துக்குள் தனி அறக்கட்டளையே தொடங்கினார்கள். 1991இல் கலைந்த இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆவணங்கள், அதன் பழைய தலைவர் கிராம்சி பெயரில் ரோமில் உள்ள நிறுவனத்தில் இருக்கின்றன. அவர்களெல்லாம் பைத்தியக்காரர்கள் போலும். மாஸ்கோவிலோ, தொண்ணூறுகளில் திறந்த அலமாரிகளில் பலவற்றை மறுபடி மூடிவிட்டார்கள். கட்சி இல்லை, பூட்டு மட்டும் இருக்கிறது.

"ஆவணங்களே பொய்" என்கிறார்கள். பொய்யும் ஆவணம்தான். யார், யாருக்கு, எந்தத் தேதியில் பொய் சொன்னார் என்று தெரிய வேண்டாமா? அடுத்து.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், என் தாத்தா கைத்தறி நெசவாளர் சங்கத்தில் செயலாளர். வேலைநிறுத்தத்தின்போது எந்த வீட்டுக்கு எத்தனை படி அரிசி கொடுத்தோம், யார் வாங்க மறுத்தார்கள், யார் இரவோடு இரவாக முதலாளியிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெருத்தெருவாக எழுதிய நோட்டுகள் சங்க அலுவலகத்தில் இருந்தன. போய்க் கேட்டேன். "வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு தம்பி, இடம் எவ்வளவு சுத்தமாயிருக்கு பாருங்க" என்றார் ஒரு பெரியவர். பெருமையாகச் சொன்னார்! அந்தச் சங்கத்தின் கட்சி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் "தியாக வரலாறு" என்று சுவரெழுத்து வேறு. எந்த வரலாறு? கிலோ என்ன விலைக்குப் போனது அது?

இதைச் சொன்னால் நான் துரோகி, வலதுசாரி, வேலையற்றவன். சொல்லிக்கொள்ளுங்கள். நேற்றே நாலு பேர் நட்பை நீக்கிவிட்டார்கள், அதில் இருவர் தாத்தாவின் மாலையணிந்த படத்துக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்.

பக்கத்து ஊர்ச் சங்கக் கட்டடத்தையும் இடிக்கப் போகிறார்களாம். அங்கே மாடியில் ஒரு பச்சை பீரோ பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். வண்டி நானே கொண்டு வருகிறேன்.