மேளம் தட்டும் கிழவரும் போலீஸ் பட்டியலும்

சுவீடன் துப்பறியும் நாவல்களை வாசித்து வாசித்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கதை சுவீடனின் வடகோடி ஊரான கிரூணா பக்கம் நகர்ந்ததுமே, ஒரு சாமி கிழவர் எப்போது வந்து மேளம் தட்டி, கெட்டது நடக்கப்போகிறது என்று சொல்வார் எனக் காத்திருப்பேன். (நம்ம ஊர்ச் சாமி இல்லை; வடக்கே பனிமான் மேய்க்கும் சாமி மக்கள்.) பெரும்பாலும் வந்துவிடுவார்.

சாமிகள், ரோமாக்கள் (ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள்), யூதர்கள், சுவீடன் ஃபின்கள், வடக்கே தோர்னே ஆற்றுப் பள்ளத்தாக்கின் தோர்னேதால் மக்கள் என்று ஐந்து தேசியச் சிறுபான்மையினரை சுவீடன் அங்கீகரித்து கால் நூற்றாண்டு ஆகிறது. நான் படித்தவரை நாவல்களில் இவர்கள் பிணமாக வருகிறார்கள், இல்லையென்றால் சந்தேகப் பட்டியலில். வழக்கைத் துலக்குபவர் வேறு யாரோ.

வெளியாள் எழுதுவதால் வந்த குறை என்று சொல்லமாட்டேன். ஒலிவியே த்ரூக் பிரெஞ்சுக்காரர். அவர் நாவலிலும் மேளம் உண்டு, ஆனால் திருட்டுப்போன பொருளாக. துப்பறிபவர்களில் ஒருவர் சாமி.

இருந்தாலும் என்னை உலுக்கியது, சாமி எழுத்தாளர் ஆன்-ஹெலன் லெஸ்டாடியூஸ் 2021-இல் எழுதிய நாவல்தான். ஒன்பது வயது எல்சாவின் கண்ணெதிரே அவளுடைய மான்குட்டியை ஒருவன் கொன்று போடுகிறான். வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டுகிறான். அந்தக் குட்டியின் காதை அவள் எடுத்து வைத்துக்கொள்கிறாள். மான் யாருடையது என்பதற்குக் காதில் போட்ட வெட்டுதானே சாட்சி! போலீஸ் அதைத் திருட்டு என்று எழுதிக்கொள்கிறது. புகார் மேல் புகார், அத்தனையும் கிடப்பில். நாவலின் பெயரே ‘திருட்டு’தான். இங்கே மேளக் கிழவருக்கு வேலையே இல்லை.

அப்புறம் ரோமாக்கள். ஹென்னிங் மான்கெல்லின் நாவல்களில் வரும் போலீஸ்காரர் வாலாண்டர் வேலை பார்க்கும் இஸ்டாட், ஸ்கோனே மாகாணத்தில் இருக்கிறது. அதே ஸ்கோனேயின் நிஜப் போலீஸ், ரோமா குடும்பங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தது 2013-இல் அம்பலமானது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். குற்றமே செய்யாதவர்களும் இருந்தார்கள், இறந்துபோனவர்களும் இருந்தார்கள். வழக்குப் போட்ட பதினோரு பேருக்கு, இது இனப் பாகுபாடுதான் என்று சொல்லி, தலைக்கு 30,000 குரோனர் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

1960-களிலிருந்தே அரசாங்கத்தைத் தோலுரிப்பதாகப் பேர் வாங்கிய எழுத்து வகை, சுவீடன் துப்பறியும் நாவல். ஆனால் அதற்குத் தன் போலீஸ்காரர்மேல் தனிப் பாசம். குடிப்பார், தூங்கமாட்டார், மணவாழ்க்கை உடைந்திருக்கும், மனசாட்சி மட்டும் சுத்தமாக இருக்கும். அந்த மனிதர் ஒருநாள் காலை ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெயர்களை அந்தப் பட்டியலில் பார்ப்பதாக ஆரம்பிக்கும் நாவலை யாராவது படித்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள். இன்றைக்கே வாங்குகிறேன்.